நாயின் தட்டும் நமது தட்டும்

சென்ற வாரம் பழங்காநத்தத்தில் ஒரு கடை வாயிலில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு உணவு விற்கும் கடை அது. நான்கைந்து மூட்டைகள் வாய் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. முதல் நாள் பெய்த மழையின் ஈரம் தரையில் இன்னும் காயவில்லை. வயோதிகர் ஒருவர் வந்து, தம் வீட்டு நாய்க்கு ஒரு கிலோ வேண்டும் என்றார். கடைப் பையன் ஒரு மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தான். "இது எங்கே செய்தது, தம்பி? எப்போது செய்தது?" என்று பெரியவர் கேட்டார். "பாரின் சரக்கு, ஸார்! பயமே வேண்டாம்" என்றான் பையன். பெரியவர் அந்தப் பையை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பெயரில்லை, ஊரில்லை, தேதியில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் கேட்ட கேள்விகள் இரண்டே. எங்கே செய்தது? எப்போது செய்தது? உணவுப் பண்டம் எதை வாங்குகிறவனும் கேட்கவேண்டிய கேள்விகள் அவை. அவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை கடைக்காரனுக்கு இருப்பதாக அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. பதில் பெறும் உரிமை தமக்கு உண்டென்று பெரியவரும் நினைக்கவில்லை. இந்த நிலையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

பழங்காநத்தத்தின் பெயரே அதன் பழமையைச் சொல்லும். நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். மாடக்குளம் கண்மாயின் நீர் பாய்ந்த வயல்களை ஒட்டி வளர்ந்த ஊர் இது. மாடும் ஆடும் இல்லாத வீடு அக்காலத்தில் அருமை. நாய், வீட்டுக்காரன் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்று வாசலில் கிடக்கும். இன்று வயல்கள் போய்த் தெருக்கள் வந்துவிட்டன. பைபாஸ் ரோடும் திருப்பரங்குன்றம் ரோடும் கூடும் நாற்சந்தியாக ஊர் மாறிவிட்டது. தொழுவத்தில் கட்டிய மாடு குறைந்தது. வீட்டுக்குள் வளரும் நாயும் பூனையும் பெருகின. ஆனால் அருகேயுள்ள அவனியாபுரத்தில் தை முதல் நாள் வாடிவாசல் திறப்பதும், அதற்காகக் காளை வளர்ப்பவர்கள் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தேடி அலைவதும் இன்னும் நிற்கவில்லை. ஆகவே பிராணிகளின் உணவு என்பது இவ்வட்டாரத்தில் ஒரு சிலருடைய பொழுதுபோக்கு விவகாரம் அன்று. பல வீடுகளின் தினசரிச் செலவு.

"மனிதனுக்கே நல்ல அரிசி கிடைக்காத நாட்டில் நாய்க்கு நல்ல உணவைப் பற்றித் தலையங்கமா?" என்று தேசத் தொண்டர்கள் சிலர் நம்மைக் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஏழையின் பசி தீராத இடத்தில் செல்வரின் செல்லப் பிராணிக்காக இரங்குவது நமது வேலை அல்ல. ஆனால் இக்கேள்வி ஓர் உண்மையை மறந்துவிடுகிறது. நாயின் தட்டிலும் மாட்டின் தொட்டியிலும் விழும் விஷம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதலில் வாயில்லாத ஜீவன் சாகிறது. அதைக் கவனியாதவன் வீட்டில் பிறகு குழந்தை நோய்ப்படுகிறது. இது நாம் கற்பனை செய்து சொல்வதன்று. சென்ற நூற்றாண்டின் சரித்திரம் இதை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது.

1960ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, பிரேஜில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் குற்றம் இருந்தது தெரிந்தது. ஈரத்தில் கிடந்த கடலையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து, அது சுரந்த நஞ்சு ஈரலைத் தின்றிருக்கிறது. 'அஃபிளடாக்ஸின்' என்று உலகம் இன்று அஞ்சும் விஷம் அவ்விதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதனுடைய ஈரலிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கோழிகள் செத்திராவிட்டால் நமக்கு இவ்விஷயம் தெரியவர இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ!

1986ல் அதே இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்தாற்போன்ற நோய் காணப்பட்டது. செத்த பிராணிகளின் இறைச்சியையும் எலும்பையும் பொடி செய்து, புல் தின்னும் மாட்டுக்கு ஊட்டியதன் பலன் அது. 1990ல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வீட்டுப் பூனை அதைப் போன்ற நோயால் மாண்டது. ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு நோய் தாண்டியிருக்கலாம் என்பதற்கு அந்தப் பூனை எச்சரிக்கையாக நின்றது. ஆனால் அந்நாட்டு விவசாய மந்திரி என்ன செய்தார்? அதே மாதத்தில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சிப் பண்டத்தை நீட்டி, எல்லாம் க்ஷேமம் என்று காட்டினார்! ஆறு வருஷம் சென்று, 1996ல், மனிதர்களுக்கும் அந்நோய் வந்திருப்பதாகச் சர்க்காரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பூனை சொன்னதை மந்திரி கேட்கவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடியது. 2007 மார்ச்சில் அமெரிக்காவிலும் கானடாவிலும் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஒரே கம்பெனி செய்து, பல டஜன் பெயர்களில் விற்ற 6 கோடி டப்பாக்களையும் உறைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெறவேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான பிராணிகள் இறந்ததாக வளர்த்தவர்கள் முறையிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைச் சத்தில் 'மெலமைன்' என்ற பொருளைக் கலந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டுச் செய்ய உதவும் பொருள் அது. அதில் நைட்ரஜன் மிகுதி. உணவில் புரதம் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலைகள் நைட்ரஜனை அளந்தே கணக்கிடுவதால், மெலமைன் கலந்த மட்டமான மாவு சத்துள்ள மாவாகக் கணக்கில் ஏறிவிடும். மோசடியின் சூட்சுமம் இவ்வளவே. அடுத்த வருஷமே, 2008ல், அதே மெலமைனைச் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் கலந்தது வெளிப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. நாய்கள் செத்த நாளிலேயே உலகம் விழித்திருக்குமானால் அந்தத் தாய்மார்களின் கண்ணீரைத் தடுத்திருக்கலாம்.

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் சங்கதிகள் அல்லவா என்று நாம் ஆறுதல் அடைய இடமில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் தேசமெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. தண்ணீர் கலந்ததைத்தான் பாலின் பெருங்குற்றமாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆணையம் கண்டதோ வேறு. 368 மாதிரிகளில், வான்கோழிகளைக் கொன்ற அந்த அஃபிளடாக்ஸினின் வகை ஒன்று அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. எந்த ராஜ்யத்தில் அதிகம்? வெட்கத்துடன் எழுதுகிறோம்: தமிழ்நாட்டில். நம்மிடம் எடுத்த 551 மாதிரிகளில் 88 மாதிரிகள் அந்தக் கணக்கில் சேர்ந்தன. டில்லியும் கேரளமும் நமக்குப் பின்னால் நின்றன.

இந்த விஷத்தைப் பால்காரன் கலக்கவில்லை; மாடும் உண்டாக்கவில்லை. பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் தவிட்டையும் சோளத்தையும் மாடு தின்றது. அது பாலில் இறங்கியது. பால் குழந்தையின் டம்ளரில் இறங்கியது. காய்ச்சினாலும் அது போவதில்லை. மாட்டின் தொட்டிக்கும் நம் வீட்டுக் கூடத்துக்கும் இடையில் சுவர் இல்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அதே பூஞ்சை நாயின் உணவில் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2020 டிசம்பரிலும் அதற்கு அடுத்த மாதத்திலும், நஞ்சேறிய சோளத்தில் செய்த உணவைத் தின்று நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் அங்கே ஈரல் கெட்டு இறந்தன. நன்றாக முத்திரை போட்டு, அழகான பையில் அடைத்து விற்ற உணவுதான் அது.

இப்படியிருக்க, நமது சட்டம் இவ்விஷயத்தை எவ்விதம் கவனிக்கிறது? 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'உணவு' என்றால் என்ன என்று அது விளக்குமிடத்தில், பிராணிகளின் தீவனம் உணவு ஆகாது என்று வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. மனிதன் தின்பதற்காகச் செய்த மிட்டாயில் புழு இருந்தால் உணவு அதிகாரி கடைக்கு வரலாம். நாய்க்காகச் செய்த பிஸ்கோத்தில் புழு இருந்தால் அந்தச் சட்டத்தின்கீழ் அவர் வர இடமில்லை. நாய் பூனை உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 11968 என்ற அளவுகோல் ஒன்றை வகுத்திருக்கிறது. நல்ல அளவுகோல்தான். ஆனால் அதைப் பின்பற்றுவது செய்பவன் இஷ்டம் என்றால் அதனால் என்ன பயன்? வேலியை வாங்கித் திண்ணையில் சாத்தி வைத்தால் வெள்ளாடு பயிரை மேயாமல் இருக்குமா?

வெளிநாட்டு உணவு உள்ளே வர மத்திய சர்க்காரின் கால்நடை இலாகா அனுமதி தரவேண்டும். அதற்கு ஆதாரமான சட்டம் 1898ல் வெள்ளைக்காரர் இயற்றியது, 2001ல் திருத்தப்பட்டது. துறைமுகத்தில் ஒரு காவல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் துறைமுகத்தைக் கடந்து பழங்காநத்தத்துக் கடையில் மூட்டை வாய் பிரிந்தபின் அதைக் கேட்பார் யார்? நாய்க்குட்டியை விற்கும் கடைக்கு 2018ல் விதிகள் வந்தன. அந்தக் குட்டி தின்னும் உணவு இன்ன தரத்தில் இருக்கவேண்டும் என்று அதை விற்கும் கடையைக் கட்டுப்படுத்தவும் விதி வேண்டாமா?

சர்க்காருக்கு இந்த உணவு கண்ணில் படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017ல் சரக்கு சேவை வரி வந்தபோது, மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை என்று விட்டவர்கள், கடையில் விற்கும் நாய் பூனை உணவுக்கு 100க்கு 18 வீதம் வரி விதித்தார்கள். ஆடம்பரப் பொருள் என்று கருதி விதித்திருக்கலாம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வரி வாங்கும்போது நீளும் கை, சோதிக்கும்போது ஏன் மடங்குகிறது? நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பதினெட்டு ரூபாய் கொடுத்தவனுக்கு, அந்தச் சரக்கு விஷமில்லை என்ற ஓர் உறுதியையாவது கேட்க உரிமையுண்டு.

"பாரின் சரக்கு" என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். மேல மாசி வீதியில் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்துக்கொண்டது 1921 செப்டம்பரில். அன்று சுதேசி என்பதற்கு நம்மவர் கண்ட பொருள், அந்நியனை வெறுப்பதன்று. நாம் உடுத்துவது எவர் கையால் வந்தது என்று அறிந்து உடுத்துவது. அந்த அறிவு இருந்தால் "பாரின்" என்ற ஒரு வார்த்தை ஜாமீனாக நிற்காது. பாரின் சரக்கில்தான் மெலமைன் இருந்தது. அதற்காக உள்ளூர்ச் சரக்கெல்லாம் அமிர்தம் என்றும் நாம் சொல்லமாட்டோம். பாலில் கண்ட நஞ்சு நம் சொந்தப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் இருந்து வந்ததுதான். நல்ல பொருளுக்கு நாடு அடையாளமில்லை. பெயரும் தேதியும் பொறுப்பும் அடையாளம்.

சட்டத்தின் குற்றம் இவ்வாறிருக்க, வீட்டிலுள்ள நமது குற்றமும் சிறிதன்று. விற்பவன் பேராசையால் கெடுக்கிறான் என்றால், வளர்ப்பவன் பாசத்தால் கெடுக்கிறான். மாட்டுப் பொங்கலன்று என்ன நடக்கிறது? வருஷம் முழுதும் வைக்கோல் தின்ற மாட்டுக்கு அன்றைக்கு ஒரு பானைப் பொங்கலும், வெல்லமும், வாழைப்பழமும் அன்பாக ஊட்டுகிறோம். மாட்டின் முதல் வயிறு வைக்கோலைச் செரிப்பதற்கென்று அமைந்தது. குவியலாக மாவுப் பொருள் விழுந்தால் அது புளித்து அமிலமாகிறது, வயிறு உப்புகிறது, மாடு படுத்துவிடுகிறது, சில சமயம் எழுந்திருப்பதே இல்லை. கால்நடை மருத்துவர்கள் பொங்கல் தோறும் எச்சரிக்கிறார்கள். கும்பிட்ட கையாலேயே கொல்வதை நாம் பக்தி என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு பிடி பொங்கல் மரியாதை. ஒரு பானை பொங்கல் ஆபத்து.

நாய் விஷயமும் இதேதான். குழந்தை தின்னும் சாக்லேட்டில் ஒரு துண்டை நாய்க்கு எறிகிறோம். அதிலுள்ள சத்து ஒன்று நமக்கு உற்சாகம் தரும். நாயின் உடல் அதை எளிதில் வெளியேற்றாததால் இருதயத்தைப் படபடக்கச் செய்து, அளவு மிஞ்சினால் கொல்லும். வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். நமது குழம்பில் இவ்விரண்டும் இல்லாத நாள் உண்டா? திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் கெடுவது வெகுநாள் வரை புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் சமீபத்தில் கண்டார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அவ்விதமே நேர்ந்ததை 2022ல் பதிவு செய்தார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். புளியோதரை மிஞ்சினால் நாய்க்கு வைப்பது நம் வீடுகளில் சகஜம். இனி அதை நிறுத்துவதே விவேகம். சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கும் 'ஸைலிட்டால்' என்ற இனிப்பும் நாய்க்குக் கொடிய விஷம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பூனையின் கதை வேறு. நாய் நம்மைப் போல் சோற்றையும் செரித்துக்கொள்ளும். பூனையோ பிறவியிலேயே மாமிசம் உண்பது. 'டாரின்' என்ற சத்தைப் போதிய அளவு தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்தே பெறவேண்டும். அது குறைந்தால் கண் குருடாகும். இருதயம் வீங்கித் தளரும். இருதய நோய்க்கு இக்குறைவே காரணம் என்பதை 1987ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். ஆகவே சைவ வீடுகளில் பூனைக்குப் பால் சோறும் தயிர்ச் சோறுமாகவே ஊட்டி வளர்ப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும். நமது ஆசாரத்தை நாம் காப்பது சரி. அதைப் பூனையின் மேல் சுமத்துவது சரியா?

அப்படியானால் நல்ல உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாய் பிரிந்த மூட்டையிலிருந்து சில்லறையாக வாங்கக்கூடாது. ஈரக் காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்குப் பிடிக்கும், பூஞ்சையும் ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது விசேஷமாகக் கவனிக்கவேண்டியது. செலவுக்கு அஞ்சுகிறவர்கள் பெரிய மூட்டையில் ஒரு பங்கு வாங்குவதைவிடச் சிறிய பையை முத்திரையோடு வாங்குவது மேல். பையில் செய்தவன் பெயர், விலாசம், செய்த மாதம், எடை, விலை இவை இருக்கவேண்டும் என்று 2011ஆம் வருஷத்து எடையளவு விதிகள் சொல்லுகின்றன. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். சேர்மானங்களைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பது இறைச்சியா, தவிடா என்று பாருங்கள். எவ்வளவு புரதம் என்று எண் போட்டிருந்தால் மட்டும் போதாது; அந்த எண்ணை எப்படி ஏமாற்றலாம் என்பதை மெலமைன் நமக்குக் கற்பித்திருக்கிறது. புரதம் எதிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுகிறவனே நம்பத்தக்கவன்.

பணம் கொடுத்துப் பை வாங்கித்தான் நாய் வளர்க்கவேண்டும் என்பதும் இல்லை. இராஜபாளையத்து நாய்க்கு 2005ல் இந்தியத் தபால் இலாகா முத்திரை வெளியிட்டுப் பெருமை செய்தது. அந்த நாயும், சிப்பிப்பாறையும், கன்னியும், கோம்பையும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது நம் குடியானவன் வீட்டில்தான். சீமையில் நாய் பிஸ்கோத்து 1860ஐ ஒட்டித்தான் வியாபாரத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் உலகில் நாய்கள் வேட்டையாடியிருக்கின்றன! வேகவைத்த சோறோ கம்போ, அதனுடன் உப்பும் காரமும் வெங்காயமும் சேராத இறைச்சியோ முட்டையோ, கொஞ்சம் காய், சுத்தமான தண்ணீர் — வைத்தியர் சொல்லும் அளவறிந்து கொடுத்தால் இது எந்தப் பைக்கும் தாழ்ந்ததன்று. தின்பண்டம் எதுவாயினும் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதே பிராணி வைத்தியர்கள் ஒப்பும் கணக்கு. நாய் திடீரென்று வாந்தி எடுத்தாலோ, உணவை மறுத்தாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலோ, பையை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு தல்லாகுளத்து அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ போகவேண்டும். அந்தப் பைதான் சாட்சி. கடை ரசீதும் சாட்சி. நாய்க்காக வாங்கினாலும் வாங்கியவன் மனிதன்; 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் அவனுக்கும் உண்டு.

இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. ஆனால் தனி மனிதர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் பூஞ்சையின் நஞ்சைக் கண்ணால் காணமுடியாது; மூக்கால் முகரவும் முடியாது. அதற்குச் சோதனைச்சாலை வேண்டும். சோதனைக்குச் சட்டம் வேண்டும். ஆகவே மூன்று காரியங்களைச் சர்க்காரிடம் கேட்கிறோம்.

முதலாவது, சட்டம். பிராணித் தீவனத்தின் உற்பத்தி, தரம், விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஆந்திரப் பிரதேசம் 2020ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. பாலில் நஞ்சு மிகுந்த ராஜ்யம் என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு அதைவிட உறுதியான சட்டம் ஒன்றைச் செய்து, மாட்டுத் தீவனத்தோடு நாய் பூனை உணவையும் அதில் சேர்க்கவேண்டும். தர நிர்ணய அமைப்பின் அளவுகோல் விற்பவனுடைய இஷ்டமாக இல்லாமல் கட்டாயமாகவேண்டும்.

இரண்டாவது, சோதனை. 1989ல் நிறுவிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நமக்கு இருக்கிறது. அதன் நாமக்கல் கல்லூரியில் தீவனங்களைப் பகுத்தறியும் சோதனைச்சாலை நடக்கிறது. ஆனால் பழங்காநத்தத்துப் பெரியவர் ஒரு பிடி தீவனத்தை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் போவாரா? அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்று கூப்பிடு தூரத்தில், திருப்பரங்குன்றத்திலேயே இருக்கிறது. பொதுமக்கள் கொண்டுவரும் மாதிரிகளை அங்கே பெற்றுக்கொண்டு, குறைந்த கட்டணத்தில் சோதித்து முடிவு சொல்ல ஏற்பாடு செய்யலாம். இதற்குப் புதுக் கட்டிடமோ பெரும் பொக்கிஷமோ தேவையில்லை.

மூன்றாவது, பிரசுரம். குற்றம் கண்ட சரக்கின் பெயரைச் சர்க்கார் உடனே பத்திரிகைகளில் வெளியிடவேண்டும். அமெரிக்காவில் 6 கோடி டப்பாக்கள் திரும்பின என்றால், அங்கே மோசடி நம்மைவிட அதிகம் என்பது அர்த்தமல்ல. அங்கே அதைச் சொல்ல ஒரு வழி இருந்தது என்பது அர்த்தம். இங்கே அப்படி ஒரு செய்தியும் வருவதில்லை என்பதனால் எல்லாம் நலம் என்று எவரும் மகிழவேண்டாம். சோதிக்காத ஊரில் நோயில்லை!

தேசத் தொண்டர்களிடமும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் இரவு பகலாக உட்கார்ந்த இளைஞர்களை மதுரை மறக்காது. காளை நமது மானம் என்றார்கள். சட்டத்தைத் திருத்தவே வைத்தார்கள். 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஒப்புக்கொண்டது. காளைக்காகச் சட்டத்தைத் திருத்திய கைகளுக்கு, அந்தக் காளை தின்னும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வலிமை இல்லையா? பழங்காநத்தம் ரவுண்டானாவில் எத்தனையோ பொதுக்கூட்டங்கள் நடக்கின்றன. எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. அவற்றுள் ஒன்று இதற்காகவும் இருக்கட்டும். ஜாதியில்லை, மதமில்லை, கட்சியில்லை. பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீடெல்லாம் இதில் ஒரு கட்சி.

அந்தப் பெரியவர் இரண்டு கேள்விகள் கேட்டார். விடை பெறாமலே போனார். அடுத்த முறை அவர் கேட்கும்போது, பையன் பையைத் திருப்பி, "இந்த ஊரில், இந்த மாதம், இன்னார் செய்தது, இன்ன இடத்தில் சோதித்தது" என்று காட்டக்கூடிய நிலையை உண்டாக்குவது சர்க்காரின் கடமை. காட்டும்வரை பணத்தை எடுக்காமல் நிற்பது நமது கடமை. இரண்டில் எளிதானது நம்முடையதே. அதை இன்றே தொடங்கலாம்.